சுரங்கக்கரையில் ஒரு மேய்ச்சல் தரை

பண்ருட்டியிலிருந்து தெற்கே வடலூரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் காடாம்புலியூரைத் தாண்டியதும், முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் செம்மண் புழுதியைப் போர்த்திக்கொண்டு இருபுறமும் நிற்கின்ற பிரதேசம் பிரயாணியை வரவேற்கிறது. நான் அவ்வழியே சென்றது ஆவணி மாதம். பலாக்காலம் முடிந்து, முந்திரி மரங்கள் அடுத்த தளிருக்குக் காத்திருக்க, முதல் நாள் இரவு பெய்த ஒரு பாட்டம் மழையினால் மண் மட்டும் புதிய நிறம் பெற்றிருந்தது. நெய்வேலிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தையும் அனல் மின்நிலையங்களையும் பார்க்கவே போகிறார்கள், அவை பார்க்கத்தக்கவைதாம். எனினும், பூமியை இவ்வளவு ஆழமாகக் கிளறிய ஒரு வட்டாரத்தில், குலைந்த தரையை ஜனங்கள் எவ்வாறு மறுபடியும் ஆடு மாடு மேயும் தரையாக ஆக்கிக்கொள்கிறார்கள் என்பதை நேரில் காணவேண்டும் என்ற ஆவலே என்னை அங்கே அழைத்துச் சென்றது.

ஆர்ச் கேட்டில் இறங்கி நகரியத்துக்குள் நுழைந்தவுடன் காட்சி மாறிவிடுகிறது. வட்டம் வட்டமாகப் பிரித்து எண்ணிட்ட குடியிருப்புகளும், நேர்கோடாக ஓடும் அகன்ற வீதிகளும், அவ்வீதிகளின்மேல் இருபுறமிருந்தும் கவிந்து பந்தலிட்ட மரங்களும், அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஓர் ஊரைத் திட்டமிட்டு வளர்த்தவர்களின் சிரத்தையைச் சொல்லாமற் சொல்லுகின்றன. 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டுவித்தபோது, நீரோடு கலந்து வந்த கரிய துகள்களைக் கண்டு, அவற்றை அலட்சியம் செய்யாமல் அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டுசென்றதும், பின்னர்த் தம்முடைய நிலத்தில் பெரும்பகுதியை இந்த முயற்சிக்குத் தானமாகவே ஈந்ததும் இவ்வூரில் இன்றும் நன்றியோடு பேசப்படுகின்றன. 1956ல் சுரங்க நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே மாதம் 20ஆம் தேதி பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1962ல் சோவியத் நாட்டின் உதவியோடு அமைந்த முதலாவது அனல் மின்நிலையம் மின்சாரம் அளிக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டு வீடுகளில் 'லெகோ' கரி அடுப்பில் பால் காய்ச்சிய தலைமுறைக்கு நெய்வேலி என்ற பெயர் அந்தக் கரியோடு சேர்ந்தே ஞாபகத்தில் நிற்கும்.

அனுமதி பெற்றுச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று கீழே நோக்கியபோது, அதன் விஸ்தீரணம் முதலில் கண்ணுக்குப் பிடிபடவில்லை. படிப்படியாக இறங்கும் மண் தட்டுகளில், சக்கரத்தின் விளிம்பெங்கும் வாளிகள் கோத்த ராட்சத யந்திரங்கள் மெல்லச் சுழன்று பூமியைச் சீவுகின்றன. பெரியவற்றில் ஒவ்வொரு வாளியும் 1,400 லிட்டர் மண்ணை அள்ளும். கடலூர் மணற்கல் என்று புவியியலார் பெயரிட்டிருக்கும், உளியையும் தேய்த்துவிடும் கடினமான பாறையும் களிமண்ணும் மணலும் மாறி மாறி அடுக்கிய மேற்போர்வையை, ஐம்பது மீட்டர் முதல் நூறு மீட்டர் வரையில் நீக்கினால்தான் கரிப்படுகை வெளிப்படும். ஒரு டன் நிலக்கரியை எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் அதிகமான மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. கரிப்படுகைக்கு அடியிலோ, மேல்நோக்கிப் பீறிடும் அழுத்தத்தோடு ஊற்று நீர் நிற்கிறது. அதை இரவு பகல் இடைவிடாமல் இறைத்துக் கொட்டாவிட்டால் சுரங்கத்தின் அடித்தளமே வெடித்துக்கொண்டு மேலே வந்துவிடும். இவ்வளவு இடையூறுகளையும் வென்று இந்த நாட்டுக்கு வெளிச்சம் தந்தவர்களின் உழைப்பை நினைத்து வணங்காமல் அந்த விளிம்பை விட்டு அகல முடியாது.

ஆனால் என் கண் சுரங்கத்தின் மறுகரையிலேயே நிலைத்தது. எடுத்த மண்ணைக் கன்வேயர் பெல்ட் கிலோமீட்டர்க் கணக்கில் சுமந்து சென்று, கரி எடுத்து முடிந்த பள்ளத்தில் நீண்ட கையுடைய ஒரு யந்திரத்தின் வாயிலாகக் குவியல் குவியலாகக் கொட்டுகிறது. அந்தக் குவியல்களைப் புல்டோசர்கள் நிரவிய பின்னும், ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அடியில் இருந்த மண் மேலேயும், புல்லும் புழுவும் இலைச்சருகும் சேர்ந்து ஆக்கிய மேல்மண் எங்கோ அடியிலும் போய்விடுகிற அபாயம் இருக்கிறது. அப்படி மேலே வந்த மண்ணில் தழைச்சத்து இல்லை. அதைப் பதப்படுத்தும் நுண்ணுயிர்கள் இல்லை. ஒரு மழையில் இறுகிப் பாளமாகவும், மறு மழையில் அரித்து ஓடையாகவும் ஆகும் தன்மைதான் உண்டு. இடத்துக்கிடம் ஏற்றத்தாழ்வாக அது அமிழ்ந்துகொண்டும் இருக்கும். ஆகையினால்தான் மேல்மண்ணைத் தனியே வாரிவைத்துக் கடைசியில் பரப்புவதும், சணப்பும் தக்கைப்பூண்டும் விதைத்து மடக்கி உழுவதும், சாம்பலையும் தொழுவுரத்தையும் கலப்பதும், மரம் நடுவதும் இங்கே புனருத்தாரணத்தின் அங்கங்களாக இருக்கின்றன. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்போடு, இவ்வாறு மீட்ட நிலத்தில் பயிரும் கால்நடையும் சேர்ந்த பண்ணையம் நடத்திக் காட்டியிருக்கிறார்கள். தோண்டுவதற்குப் பெரிய யந்திரம் போதும். மீட்பதற்கு யந்திரத்தோடு காலமும் புல்லும் மாட்டின் குளம்பும் வேண்டும் என்பதை அந்தச் சரிவுகளில் பச்சை பிடித்திருந்த இடங்களும், பிடிக்காத இடங்களும் அருகருகே நின்று விளக்கின.

நகரியத்துக்கு வெளியே, முந்திரிக் கிராமம் ஒன்றில், இதே பாடத்தைச் சிறிய அளவில் இன்னும் தெளிவாகக் கற்றுக்கொள்ளும் வாய்ப்புக் கிடைத்தது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், பண்ருட்டி நெய்வேலி வட்டாரத்து முந்திரியையும் பலாவையும் ஒரே பொழுதில் வேரோடு சாய்த்ததை இங்குள்ளவர்கள் இன்னும் குரல் தழுதழுக்காமல் சொல்வதில்லை. மரம் விழுந்தால் மரம் மட்டும் போகிறதில்லை. வேர்ப்பந்து பெயர்ந்த இடத்தில் ஆளுயரப் பள்ளமும், பெயர்ந்த மண் கரைந்த இடத்தில் திட்டும் நிலைத்துவிடுகின்றன. கையில் பணம் உள்ளவர்கள் பொக்லைன் வைத்து நிரவி மறுபடியும் கன்று நட்டார்கள். இயலாதவர்கள் அப்படியே மாட்டுக்கு விட்டுவிட்டார்கள். நான் கண்ட நிலம் அத்தகையது. அதன் சொந்தக்காரர் எழுபதைக் கடந்த ஒரு பெரியவர். டிராக்டரை ஓட்டுபவர் அவருடைய அக்காள் மகன். பள்ளங்களில் மழைநீர் தேங்கிக் கோரை மண்டியிருந்தது. திட்டுகளில் கரையான் புற்றும் சீமைக்கருவேலங் கன்றும் தவிர வேறொன்றும் முளைக்கவில்லை. இரண்டுக்கும் இடையில் மாடு மென்று தின்னக்கூடிய புல் கையகலத்துக்குக் கையகலம்தான் இருந்தது. "சினை மாடு ஒண்ணு குழியில கால் பிசகிப் போச்சுங்கய்யா. அன்னிக்கே முடிவு பண்ணேன், இந்தத் தரைய சரி பண்ணாம இனிமே மாட்ட அவுத்து விடறதில்லன்னு" என்றார் பெரியவர்.

அவர்களுடைய டிராக்டர் இருபது குதிரைத்திறனை ஒட்டிய சிறு வண்டி; முந்திரிக் கிளைகளுக்கு அடியில் புகுந்து உழுவதற்கென்றே இவ்வட்டாரத்தில் அத்தகைய வண்டிகளை விரும்பி வாங்குகிறார்கள். அதன் பின்னே மாட்டுவதற்கு ஐந்து கொழுக் கலப்பை, ஒரு ரோட்டாவேட்டர், மண் தள்ளும் பிளேடு ஆகியவற்றோடு, லேத்துப் பட்டறையில் செய்வித்த ஓர் இரும்புச் சட்டமும் இருந்தது. கலப்பையை வண்டியோடு மூன்று முனைகளில் பிணைத்து, ஓட்டுபவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு நெம்புகோலினால் தூக்கவும் தாழ்த்தவும் செய்யும் இந்த ஏற்பாட்டை 1920களில் வகுத்தவர் அயர்லாந்து நாட்டவரான ஹாரி ஃபெர்கூசன். அதற்கு முன் டிராக்டர் என்பது மாட்டுக்குப் பதிலாகக் கலப்பையை இழுத்துச் செல்லும் கனத்த வண்டியாகவே இருந்தது. 1960ல் சென்னையில் தொடங்கிய டாஃபே தொழிற்சாலை ஃபெர்கூசன் மரபில் வந்த டிராக்டர்களை நம் உழவர்களுக்குச் செய்து தரத் தொடங்கியது. கனம் குறைந்த வண்டியும் நிலத்தை அழுத்திப் பிடித்து வேலை செய்யும் வல்லமை பெற்றதற்கு அந்த மூன்று முனைப் பிணைப்பே காரணம். சிறு விவசாயியின் கைக்கு யந்திரம் எட்டியதற்கும் அதுவே அடிப்படை.

வேலையைத் தொடங்குமுன் பெரியவர் குனிந்து, ஒரு சாண் ஆழத்திலிருந்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுகப் பிடித்தார். பிடித்த உருண்டையை இடுப்பு உயரத்திலிருந்து போட்டதும் அது மூன்று நான்கு துண்டுகளாக உதிர்ந்தது. உதிராமல் தட்டையாக ஒட்டிக்கொண்டால் அன்று வண்டியை இறக்கக் கூடாதாம். ஈரத்தில் சக்கரம் ஏறிய மண் இறுகிச் செங்கல்லாகிவிடும், பிறகு அதில் வேர் இறங்குவதற்கு இரண்டு பருவம் ஆகும் என்றார். "பதம் இருக்கு மாப்ளே, எறங்கு" என்று அவர் சொன்ன பிறகே வண்டி நகர்ந்தது. முதலில் ஐந்து கொழுக் கலப்பையால் திட்டுகளை மட்டும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி மண்ணைத் தளர்த்தினார்கள். இறுகிய மேட்டில் நேராகப் பிளேடை வைத்தால் அது மேலே வழுக்கிச் செல்லும், அல்லது திடீரென்று கடித்து வண்டியையே நிறுத்திவிடும். கீறி வைத்த மண்ணோ அடக்கமாகப் பிளேடுக்கு முன்னே உருண்டு செல்கிறது.

அடுத்துக் கண்டதுதான் இந்தத் தொழிலின் நுட்பம். மேடுபள்ளமான தரையில் சிறு டிராக்டரின் பின்னால் பிளேடை மாட்டி ஓட்டும்போது, முன்சக்கரம் ஒரு திட்டின்மேல் ஏறினால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து பிளேடு தேவைக்கு மேல் மண்ணைத் தோண்டுகிறது; முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் பிளேடு எழும்பி மண்ணைக் கைவிட்டுவிடுகிறது. ஆகவே, அவசரப்படுகிறவன் ஒரு மேட்டைக் கரைக்கப் போய், அலை அலையாகப் பல மேடுகளை உண்டாக்கிவிடுவான். இதற்குப் பரிகாரமாகவே அந்த இரும்புச் சட்டம் வந்திருக்கிறது. பழைய நாளில் எருது பூட்டி, ஆள் ஏறி நின்று அடித்த பரம்பின் வழித்தோன்றல் அது: ஆறடி அகலத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு கனத்த சட்டங்கள், அவற்றை நீளவாட்டில் பிணைக்கும் இரண்டு கைகள். சங்கிலியில் கட்டி இழுக்கும்போது அது வண்டியின் ஏற்ற இறக்கத்துக்கு ஆளாவதில்லை. தன் நீளத்தினால் இரண்டு மூன்று திட்டுகளின்மேல் ஒருசேரப் படிந்து, முன்சட்டத்தால் மேட்டைச் சீவி, சீவிய மண்ணைச் சுமந்து சென்று, பள்ளம் வந்த இடத்தில் தானாகவே உதிர்த்து, பின்சட்டத்தால் தடவி விடுகிறது. ஒரு முறை நெடுக்காக, மறுமுறை குறுக்காக, அடுத்த முறை மூலைவாட்டில் என்று அந்தச் சட்டம் போய்வரப் போய்வர, கரடு முரடாகக் கிடந்த தரை, தாயின் கைபட்ட குழந்தையின் தலைமயிர்போல மெல்ல மெல்லப் படிந்து வருவதைக் கண்டேன்.

பெரும் பள்ளங்களுக்கு இந்த உபாயம் போதாது. அவற்றில் கிடந்த முந்திரி வேர்களை முதலில் கடப்பாரையால் கெல்லி எடுத்து அப்புறப்படுத்தினார்கள். உள்ளேயே வைத்து மூடினால் அவை மக்கும்போது தரை மறுபடியும் குழி விழும், கரையானும் குடியேறும். பள்ளத்தைச் சுற்றியிருந்த மேல்மண்ணைப் பிளேடால் வழித்து ஒருபுறம் சேர்த்துவைத்து, திட்டின் அடிமண்ணைக் கொண்டு முழங்கால் உயரத்துக்கு ஒரு தட்டு நிரப்பி, வண்டியை அதன்மேல் ஏற்றி மிதித்து, மறுதட்டு நிரப்பி, கடைசியாகச் சேர்த்துவைத்த மேல்மண்ணை எடுத்துப் பரப்பினார்கள். சுற்றுப்புறத்தைவிடச் சற்று உயரமாகவே குவித்து விடுகிறார்கள். ஐப்பசி மழை தணிந்த பிறகு அது அமர்ந்து மட்டத்துக்கு வரும். சரிந்த விளிம்பில் வண்டியைப் பக்கவாட்டில் ஓட்டினால் கவிழ்ந்துவிடும் என்பதனால், பள்ளத்துக்கு நேர் எதிராகவே முன்சென்று, மண்ணைத் தள்ளிவிட்டு அதே தடத்தில் பின்வாங்குமாறு பெரியவர் மருமகனை ஒவ்வொரு முறையும் எச்சரித்துக்கொண்டே இருந்தார். "சரிங்க மாமா" என்று ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. சுரங்கத்தில் கிலோமீட்டர்க் கணக்கான கன்வேயர்களைக் கொண்டு காக்கவேண்டிய அதே முறைமை, அடிமண் அடியில், மேல்மண் மேலே என்னும் அந்த எளிய தர்மம், இங்கே ஒரு பிளேடையும் ஒரு கிழவரின் நிதானத்தையும் கொண்டு காக்கப்பட்டது.

நெல் வயலுக்கு மட்டம் வேறு, மேய்ச்சல் தரைக்கு மட்டம் வேறு என்பதையும் அங்கே அறிந்தேன். லேசர் ஒளியைக் கொண்டு அங்குல சுத்தமாக வயலைச் சமப்படுத்தும் கருவிகள் நம் மாவட்டங்களுக்கும் வந்துவிட்டன. நீரைத் தேக்கிப் பயிரிடும் நெல்லுக்கு அவை பெரிய வரப்பிரசாதம். புல்தரைக்கோ அவ்வளவு சமம் ஆகாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் பெய்து, அதில் பெரும்பகுதியை ஐப்பசி, கார்த்திகையிலேயே கொட்டித் தீர்க்கும் மழையை, நிற்கவும் விடாமல் ஓடவும் விடாமல் நிதானமாக நடத்திச் செல்லும் ஒரு சாய்வு அதற்கு வேண்டும். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலை இரவல் வாங்கி, எந்தப் பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்று முளையடித்துப் பார்த்த பின்னரே அவர்கள் சட்டத்தை இழுத்தார்கள். கடைசி ஓட்டத்தைச் சரிவுக்குக் குறுக்கே முடித்தார்கள். சரிவோடு ஒரே ஒரு சக்கரத் தடம் இருந்தாலும் முதல் பெருமழை அதைப் பிடித்துக்கொண்டு ஓடையாக்கிவிடும் என்பது அவர்கள் அனுபவம்.

புரட்டாசியில் விதைப்பதற்காகக் கொழுக்கட்டைப்புல் விதையும் முயல்மசால் விதையும் வாங்கிவைத்திருந்தார்கள். பஞ்சுபோல் பறக்கும் கொழுக்கட்டைப்புல் விதையை ஈரமணலில் பிசறித் தூவ வேண்டும். தோல் கடினமான முயல்மசால் விதையை 80 டிகிரி வெந்நீரில் நான்கைந்து நிமிடம் அமிழ்த்தி, இரவெல்லாம் குளிர்ந்த நீரில் ஊறவைத்தால்தான் முளைப்பு ஒன்றுபோல் வரும். புல் மாட்டுக்கு வயிறு நிறையத் தீனி ஆகும். பயறு வகையைச் சேர்ந்த மசாலோ, தழைச்சத்தைத் தானே தேடிக்கொண்டு, நொந்துபோன மண்ணுக்கும் அதில் ஒரு பங்கைக் கொடுக்கும். விதை ஆழத்தில் விழலாகாது. ஆகையால் கலப்பையோ சட்டமோ கூடாது, கிளைகளைக் கட்டி லேசாக இழுத்து விதையை மூடுவார்கள். பிறகு, வேர் பிடித்து ஒரு முறை பூத்து விதை உதிரும்வரை மாட்டை உள்ளே விடாமல் வேலியடைப்பது என்று தீர்மானித்திருந்தார்கள். இதுதான் எல்லாவற்றினும் கடினமான கட்டம் என்று எனக்குத் தோன்றிற்று. யந்திரத்தின் வேலை சில பொழுதில் முடியும், பசித்த மாட்டை வேலிக்கு வெளியே நிறுத்திவைக்கும் வேலைக்கு மனவலிமை வேண்டும். அதுவரையிலும் மாடுகளுக்கு வைக்கோலை விலைக்கு வாங்கிப் போட அந்தக் குடும்பம் ஆயத்தமாக இருந்தது.

தனி ஒருவருடைய நிலத்துக்கு இவ்வளவு கவனம் கிடைக்கிறது. ஊருக்குப் பொதுவான மேய்க்கால் புறம்போக்குக்கு யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி அங்கிருந்து திரும்பும்போது என்னைத் தொடர்ந்து வந்தது. நிலமில்லாத குடும்பங்கள் இரண்டு ஆட்டையும் ஒரு மாட்டையும் நம்பி வாழ்வது அந்தப் பொதுத் தரையினால்தான். வண்டல் அள்ளியும் மண் எடுத்தும் குழியாக்கப்பட்டு, சீமைக்கருவேலம் ஏறி, கொஞ்சம் கொஞ்சமாக எல்லை சுருங்கி, தமிழ்நாட்டுக் கிராமங்களில் அது படும் பாட்டை விவரிக்க வேண்டியதில்லை. நெய்வேலி வட்டாரத்திலோ, சுரங்கத்துக்கென ஊர்களே இடம்பெயர்ந்திருக்கின்றன. 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுவழி வெட்டுவதற்காக நெற்பயிர் நின்ற வயலில் யந்திரங்கள் இறங்கியபோது நாடெங்கும் மனம் பதைத்தார்கள். நிலத்தைக் கொடுத்தவர்களுக்கு, மிஞ்சிய நிலமாவது செம்மையாக இருக்கவேண்டும் என்று கேட்பதற்குப் பூரண உரிமை உண்டு.

மாலையில் வடலூருக்கு வந்தேன். 1867ல் பார்வதிபுரத்து மக்கள் மனமுவந்து கொடுத்த நிலத்தில் வள்ளலார் மூட்டிய தருமசாலையின் அடுப்பு இன்றும் அணையாமல் அன்னம் இடுகிறது. சில மைல் தூரத்துக்குள், ஒரு நிலதானம் பசியைத் தீர்க்கவும் மற்றொரு நிலதானம் வெளிச்சம் தரவும் பயன்பட்டிருப்பது இம்மண்ணின் பெருமை. அவ்விரண்டின் வரிசையில் மூன்றாவதாக வைக்கத்தக்க கைங்கரியம் ஒன்று இன்றைய தலைமுறைக்குக் காத்திருக்கிறது என்று நான் நம்புகிறேன். வேளாண்மைப் பொறியியல் துறை புல்டோசரையும் டிராக்டரையும் உழவர்களுக்கு வாடகைக்கு அனுப்புகிறது. அதே யந்திரங்களை ஊராட்சிகள் ஆண்டுக்கு ஒருமுறை, ஆவணியில் பதம் பார்த்து, ஊர் மேய்க்காலில் இறக்கலாம். ஒரு சிறு டிராக்டர், ஒரு பிளேடு, பட்டறையில் செய்த ஓர் இரும்புச் சட்டம், இரண்டு மூட்டை விதை, ஒரு பருவத்துக்கு மாட்டை நிறுத்திவைக்கும் ஊர்க் கட்டுப்பாடு ஆகிய இவை எந்தக் கிராமத்துக்கும் எட்டாத பொருள்கள் அல்ல. பூமியைத் தோண்டுவதற்கு நாம் எவ்வளவு அறிவையும் பொருளையும் மரியாதையையும் அளித்தோமோ, அதில் ஒரு பங்கையேனும் அதை நிரவிப் புல் முளைக்கச் செய்கிறவர்களுக்கு அளிப்பது நம் கடமை.